வேக மறுத்த தமாலே

பெண்களின் உடல்நலம் பற்றிப் பேச நான் தேர்ந்தெடுத்த இடம் ஹெர்லிந்தாவின் சலவைக்கடை. கோவிலில் பேசினால் பாதிரியார் இருமுவார். வீட்டில் பேசினால் புருஷன்மார் வாசலோரம் வந்து நின்று இல்லாத செருப்பைத் தேடுவார்கள். சலவைக்கடையில் அந்தத் தொல்லை கிடையாது. எல்லை தாண்டி வந்து நாங்கள் பழம் பறித்துப் பிழைக்கும் இந்த யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரத்தின் உச்சிவரை ஏணி போட்டு ஏறுகிற ஆண்களுக்கு, துணி உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் வந்தால் மட்டும் தலை சுற்றிவிடும். பெண்களோ, துணியை உள்ளே போட்டுவிட்டால் அது சுற்றி முடிகிறவரை எங்கேயும் ஓட முடியாது. இதைவிட நல்ல சபை எந்தப் பிரசங்கிக்கும் வாய்த்ததில்லை.

என் முழுப்பெயர் ரெஃபூஹியோ பராஹாஸ். அதைப் போலீஸ்காரரும் பல் டாக்டரும் மட்டுமே சொல்வார்கள். மற்றவர்களுக்கு நான் கூக்கா, மரியாதை சேர்த்துத் தோன்யா கூக்கா. பழக்கிடங்கில் ஆப்பிள் அடுக்கியே முதுகு போனபிறகு, இங்குள்ள கிளினிக் என்னை ஊர்ப் பெண்களிடம் பேசும் ஆளாக வைத்துக்கொண்டது. கருத்தடை, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைப் பரிசோதனை, குடியுரிமைக் காகிதம் கேட்காமல் எங்கே பார்ப்பார்கள் என்கிற விவரம், எல்லாம் சொல்வேன். இதற்காகக் குழந்தை டயப்பர் பை ஒன்றில் பிளாஸ்டிக்கால் ஆன இடுப்பெலும்பும் கர்ப்பப்பையும் வைத்துக்கொண்டு அலைகிறேன். பெண்கள் அதற்கு லூப்பீத்தா என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் என் நலத்தை விசாரிக்க மாட்டார்கள். லூப்பீத்தாவுக்கு எப்படி இருக்கு என்றுதான் கேட்பார்கள்.

குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசும் எனக்கு ஐந்து பிள்ளைகள். இதெல்லாம் எப்பத்தான் கத்துக்கிட்டீங்க என்று கேட்பார்கள். அஞ்சாவதுக்கு அப்புறம்தான்டி என்பேன். அதோடு கூட்டம் களைகட்டிவிடும்.

இந்தக் கதை ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தொடங்கியது. அன்றைக்கு நாங்கள் வளையம் போன்ற பெரிய இனிப்பு ரொட்டி வெட்டுவோம். அதற்குள் குழந்தை இயேசுவின் சின்னப் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளில், எல்லோருக்கும் தமாலே செய்து போட வேண்டும். சோளமாவைப் பன்றிக்கொழுப்போடு கை ஓயும்வரை அடித்து, உள்ளே மிளகாய்ச்சாறில் ஊறிய இறைச்சி வைத்து, சோளத்தோகையில் மடித்து, ஆவியில் வேகவைக்கும் வேலை. ஒரு ஊருக்கே செய்தால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் பொம்மை பல்லில் தட்டியதும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டவர்கள் எங்களில் உண்டு. என் புருஷன் டாச்சோ அவர்களில் தலையானவர். அவர் வயிற்றைப் படம் எடுத்தால் உள்ளே ஒரு மாட்டுத்தொழுவமே தெரியும்.

அன்று பனி கொட்டியதால் தோட்டத்தில் கிளை வெட்டும் வேலை இல்லை. வளையரொட்டியும் சூடான சாக்லேட்டும் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன், சலவைக்கடை நிரம்பிவிட்டது. ஒரு கையால் வெட்டிக்கொண்டே மறுகையில் லூப்பீத்தாவைத் தூக்கிப் பிடித்து, கையில் தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைக் குச்சியைப் பற்றிப் பேசினேன். தீக்குச்சி அளவுதான், சில வருஷத்துக்குக் கவலையில்லை என்றேன். எல்லோரும் கேட்டார்கள், அதாவது எல்லோரும் தின்றார்கள்.

ரொட்டி தீர்ந்தது. பொம்மை வரவில்லை.

இதை முதலில் கவனித்தது ஒஃபேலியா. பழக்கிடங்கில் ஓடுகிற பட்டையில் வரும் ஆப்பிளின் பின்பக்கத்து அழுகலைக்கூடக் கண்டுபிடித்து எறிகிறவள் அவள். என் கடைசி மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவருக்கொருவர் கோமாத்ரே. அவள் கைகளைத் தட்டி நொறுக்குகளை உதறிவிட்டு எழுந்தாள்.

“யாரோ ஒருத்தி வாயில வெச்சிருக்கா. மரியாதையா துப்பிருங்க. போன வருஷம் பொம்மை யாருக்கு வந்துச்சு? ரொசாலுக்கு. நவம்பர்ல என்ன வந்துச்சு? இப்ப அழுதுக்கிட்டிருக்கே, அது வந்துச்சு. இந்த வருஷம் யாருக்குப் பிள்ளைன்னு பாத்துருவோம்.”

ரொசால் தன் தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே, எனக்கு ரெட்டை வராம விட்டுச்சே என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. ஒஃபேலியா வரிசையாக ஒவ்வொருத்தியின் முன்னாலும் போய் வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தார்கள். நான் சபைத் தலைவி என்ற முறையில் மேற்பார்வை பார்த்தேன். அப்போதுதான் கடைசி இயந்திரத்தருகே நின்ற லாலாவைக் கவனித்தேன்.

யூலாலியா என்கிற லாலா. வளவளவென்று பேசுகிற பெண். அன்று ஒரே துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். ஒரு கன்னம் மட்டும் லேசாக உப்பியிருந்தது. கஞ்சத்தனத்தில் பொம்மையை ஒளிப்பவர்களின் கண்ணில் திருட்டுச் சிரிப்பு இருக்கும். முப்பது வருஷமாக டாச்சோவின் கண்ணில் பார்த்திருக்கிறேன். லாலாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒஃபேலியா அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி வந்துவிட்டாள்.

“நிறுத்து கோமாத்ரே,” என்றேன். “நான்தான் முழுங்கிட்டேன்.”

யாரும் என் மீது கோபப்படவில்லை. இதைவிட மோசமான ஒன்று நடந்தது: எல்லோருடைய முகத்திலும் கவலை படர்ந்தது. ஏனென்றால் தமாலே இனி நான் செய்ய வேண்டும். மாவு பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள், மிதந்தால் பதம். என் மாவு கல்யாணமான நாள் முதல் மூழ்கிக்கொண்டுதான் இருக்கிறது. என் தமாலேயை வண்டிச்சக்கரத்துக்கு முட்டாகக் கொடுக்கலாம் என்று ஊரில் ஒரு கருத்து உண்டு.

“உனக்குப் பொம்மையா?” என்றாள் ஒஃபேலியா. “அம்பத்தி நாலு வயசுல உனக்குப் பிள்ளை பொறந்தா லூப்பீத்தாவை ஆத்துல விட்டுரலாம்.”

கூட்டம் கலைந்தபின் நான் பையை மூடிக்கொண்டிருந்தேன். லாலா பின்னால் வந்து, என் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மூடினாள். ஈரமான பொம்மை.

“நீங்க ஏன் தோன்யா கூக்கா...” என்றவள் காசு போட்டால் சோப்பு தருகிற பெட்டியின் மீது சாய்ந்துகொண்டாள்.

அவள் கதை எனக்குப் பாதி தெரியும். மூன்று பையன்கள். மூன்றாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, பிழைத்தது பெரிய விஷயம். இன்னொன்று வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி அன்று தெரிந்தது. அவள் புருஷன் நிக்கனோருக்கு ஒரு பெண் குழந்தை ஆசை. நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஆனால் ஒவ்வொரு விருந்திலும் அடுத்தது என் ஹஸிந்தா என்று இல்லாத பெண்ணுக்குப் பேர் சொல்லிக் கோப்பையை உயர்த்துவான். இவளும் சிரித்துக்கொண்டே கோப்பையை உயர்த்திவிட்டு, வீட்டுக்குப் போய் மாதவிலக்கு நாட்களை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள்.

“அப்ப கிளினிக்குக்கு வரவேண்டியதுதானே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

“அவர் கையெழுத்துப் போடணுமே. அவர்கிட்ட எப்படிக் கேக்கறது?”

“யார் போடணும்?”

“நிக்கனோர். அங்க எங்க ஊர் மலையில எங்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, புருஷனைக் கூட்டிட்டு வா, அவன் கையெழுத்துப் போட்டாத்தான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அத்தான் வரல. அக்காவுக்கு இப்ப ஏழு.”

நான் சோப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டுக்கணக்கில் இந்தக் கடையில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். மாத்திரை சொன்னேன், ஊசி சொன்னேன், குச்சி சொன்னேன், லூப்பீத்தாவைத் தலைகீழாகப் பிடித்தும் காட்டினேன். இங்கே புருஷன் கையெழுத்து யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். எல்லாச் சாமானும் வாங்கி, அடுப்பை வாங்க மறந்துவிட்டு விருந்துக்கு அழைத்த கதை.

“உன் கையெழுத்து போதும்டி,” என்றேன். “உன்னோடது மட்டும்.”

அவள் நம்பவில்லை. எங்கள் பெண்கள் அதிசயங்களை நம்புவார்கள். அழும் மாதாவை நம்புவார்கள். தமாலேக்குக் கோபம் தெரியும் என்று நம்புவார்கள். ஆனால் ஓர் அரசாங்கம் புருஷனைக் கேட்காமல் விடும் என்பதை மட்டும் நம்ப மாட்டார்கள்.

அந்த வாரமே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே நர்ஸ் உயரமான வெள்ளைக்காரி. ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவாள், நியூஸ் வாசிப்பது போல. அவள் லாலாவைக் கேட்ட முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். இரண்டாவதுக்கும் நான் சொன்னேன். மூன்றாவது கேள்வி கடைசி மாதவிடாய் எப்போது என்பது. அதற்கும் வாயைத் திறந்தேன். நர்ஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, உங்கள் இருவரில் யாருக்கு இன்று சிகிச்சை என்று பணிவாகக் கேட்டாள். பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னாள்.

பெண்கள் தங்களுக்காகத் தாங்களே பேசவேண்டும் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பிரசங்கம் செய்கிற நான், ஒரு பெண் தனக்காகத் தானே பேசட்டும் என்று அறையிலிருந்து வெளியேற்றப்பட்டேன். நடையில் என் எதிரே ஒரு சுவரொட்டி. அதில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, என் உடம்பு, என் பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை ஒட்டியது நான்தான். கோணலாக ஒட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து லாலா வந்தாள். இடதுகை மேல்பகுதியில் கட்டு. ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டார்களாம். அதற்குக் காத்திருக்க வேண்டுமாம். இந்தக் குச்சி உன் ரத்த அழுத்தத்துக்கும் ஒத்துவரும், வேண்டுமானால் இன்றைக்கே என்றார்களாம். இன்றைக்கே என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

“கையெழுத்து?”

“போட்டேன்,” என்றாள். வண்டியில் ஏறியபின், “புருஷன் போடற இடமே இல்ல தோன்யா கூக்கா. திருப்பித் திருப்பித் தேடினேன். அப்படி ஒரு கோடே போடல,” என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டு, பனியில் வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டியதாயிற்று.

நிக்கனோரிடம் அவளே சொன்னாள். அவன் கத்தவில்லை. அதற்குப் பதிலாகப் பேச்சை நிறுத்திவிட்டான். பிள்ளைகளிடம் பேசினான், நாயிடம் நிறையப் பேசினான், லாலா இருக்கும்போது நாயிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசினான். ஜனவரி முடிகிறவரை இதுதான். இதுக்குமேல என்னால தாங்க முடியாது, கத்தித் தொலைச்சா நல்லா இருக்கும் என்றாள் லாலா என்னிடம். குச்சியை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நடையில் உட்கார்ந்து கற்ற பாடம் இன்னும் சூடாக இருந்தது.

மெழுகுவர்த்தித் திருநாள் காலையில் என் சமையலறையில் தமாலே வேலை தொடங்கியது. என் மீதிருந்த நம்பிக்கையால் ஒஃபேலியா விடிந்ததும் வந்து மாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். லாலா வந்தாள். அவளையும் பெரிய பாத்திரத்தையும் இறக்கிவிட வந்த நிக்கனோரை டாச்சோ காப்பிக்கு உட்கார வைத்துவிட்டார். அவன் மூலை நாற்காலியில் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் நாய் இல்லாததால் அவனுக்குப் பேச ஆளில்லை.

மாவு தண்ணீரில் மிதந்தது. என் வீட்டில் முதல் தடவை. டாச்சோ தொப்பியைக் கழற்றினார். மடித்த தமாலேகளைப் பாத்திரத்தில் நிற்கவைத்து, மூடி, அடுப்பில் ஏற்றினேன். அந்த ஒரு வேலையை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

வேகவேண்டிய நேரமெல்லாம் கடந்தது. ஒஃபேலியா ஒன்றை எடுத்துத் தோகையைப் பிரித்தாள். மாவு பச்சையாகத் தோகையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தோம். மறுபடி பிரித்தாள். அதே பச்சை.

அவள் மெதுவாக மூடியை வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், பட்டையில் வரும் ஆப்பிளைப் பார்ப்பது போல.

“இங்க யாரோ கோவமா இருக்காங்க.”

இதற்கு எங்களில் யாரும் விளக்கம் கேட்க மாட்டோம். கோபக்காரர் இருக்கும் அடுக்களையில் தமாலே வேகாது. அந்த ஆள் கோபத்தைச் சொல்லித் தீர்த்து, பாத்திரத்தின் முன்னால் ஆடவேண்டும். இல்லையென்றால் பாத்திரத்தோடு குப்பையில் கொட்டவேண்டியதுதான். எல்லோரும் நிக்கனோரைப் பார்த்தோம். அவன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான்.

அப்போதுதான் நான் அடுப்பைக் கவனித்தேன். திருகு பாதியில் நின்றது. நீலச் சுடர், மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. என் கை திருகை நோக்கிப் போனது. அதே நேரத்தில் நிக்கனோர் வாயைத் திறந்தான். கையை இழுத்துக்கொண்டு அடுப்பை மறைத்து நின்றேன்.

“குச்சி வெச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல,” என்றான் கோப்பையிடம். “என்கிட்ட கேக்கவே பயந்தியே. நான் என்ன அவ்வளவு மோசமானவனா?”

லாலா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்தேன். நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் வெச்சுக்குவேன்னு எனக்குத் தெரியும். அதை நெனச்சு இன்னும் பயந்தேன்.”

ஒஃபேலியா கரண்டியோடு அப்படியே நின்றாள். டாச்சோ மட்டும் பிஸ்கட் ஒன்றை எடுத்தார்.

“ஹஸிந்தான்னு பேர் வெச்ச,” என்றாள் லாலா. “அவ வந்தா அவளுக்கு அம்மா வேணும்ல? இந்த மூணு பயலுக்கும் வேணும்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ வெளிய நின்ன. நான் உள்ள இருந்தேன். உள்ள இருந்தவ சொல்றேன்.”

நிக்கனோர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னான்: “நான் வெளிய நிக்கல லாலா. கால் நிக்கல. தரையில உக்காந்திருந்தேன். ஒரு கிழவி வந்து யாரு செத்துட்டாங்கன்னு கேட்டுச்சு.”

அவன் எழுந்துவந்து அவள் முன்னால் நின்றான். அவள் சட்டைக்கையைச் சுருட்டி, அவன் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். அவன் பனிக்காலக் கிளையில் மொட்டுத் தேடுவது போல ஜாக்கிரதையாகத் தடவினான்.

“ரொட்டிக்குள்ள பொம்மை மாதிரி இருக்கு,” என்றான்.

“இந்தப் பொம்மை கிடைச்சா தமாலே பண்ண வேணாம்,” என்றாள் ஒஃபேலியா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். “சரி, பேசினது போதும். ஆடு.”

அவன் ஆடினான். ஏணியில் நின்றே வாழ்ந்த மனிதன்; தரையில் அவன் கால்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு காலை இரண்டு தடவை தூக்கினான், மற்றதை மறந்துவிட்டான். லாலா தோள் கொடுத்தாள். ஒஃபேலியா பாத்திரத்தில் தாளம் போட்டாள். டாச்சோ யாரும் கேட்காமலே எழுந்து தானும் ஆடினார். விழுங்கிய பொம்மைகளுக்கெல்லாம் பரிகாரம் போலிருக்கிறது. எல்லோரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கையைப் பின்னால் கொண்டுபோய் திருகை முழுக்கத் திருப்பினேன். சுடர் புஸ்ஸென்று எழுந்தது.

தமாலே வெந்தது. தோகையைப் பிரித்தால் பிரியாவிடை சொல்வது போல மெத்தென்று கழன்று வந்தது. ஒஃபேலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அடுப்பின் விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள், ஊரில் என் தமாலேக்கு இப்போதுதான் கொஞ்சம் பேர் வந்திருக்கிறது.

மதியம் சலவைக்கடையில் எல்லாப் பெண்களும் கூடினார்கள். லாலா பொம்மையை என்னிடமிருந்து வாங்கி, துணி மடிக்கும் மேசையில் எல்லோரும் பார்க்க நிற்கவைத்தாள். இது என்னோடது, தோன்யா கூக்கா முழுங்கல, என்றாள். பிறகு அவள் பேசினாள். நான் ஆண்டுக்கணக்கில் பேசியதை அவள் ஒரு தமாலே ஆறுவதற்குள் பேசி முடித்தாள். குச்சி, கட்டு, நர்ஸ், கையெழுத்து. சட்டைக்கையைச் சுருட்டினாள். பெண்கள் முண்டியடித்து வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்தார்கள். கோவிலில் சொரூபத்தை முத்தமிட நிற்பது போன்ற வரிசை அல்ல. பிள்ளை பெற்றுவிட்டு வந்தவளைச் சுற்றி நிற்கும் வரிசை, ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு. லூப்பீத்தாவை யாரும் சீண்டவில்லை.

ஒஃபேலியா கடைசியில் வந்தாள். தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெருங்குரல்காரி லாலாவின் காதருகே குனிந்து கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது:

“நெசமாவே புருஷன் கையெழுத்து வேண்டாமாடி?”

“ஒரு கோடுகூட போட்டு வெக்கல அக்கா.”

ஒஃபேலியா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் இயந்திரத்தில் சுற்றுகிற துணியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கிளினிக் திங்கட்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று, ஏதோ பஸ் நேரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அப்போது கடைக்கதவு திறந்தது. நிக்கனோர் மிச்சத் தமாலேப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அந்தக் கடைக்குள் தானாகக் காலெடுத்து வைத்த முதல் ஆண்பிள்ளை. பெண்கள் வழிவிட்டார்கள். பாத்திரத்தை இறக்க இடம் தேடி, மேசையில் கிடந்த லூப்பீத்தாவைக் கையில் எடுத்தான். தலைகீழாகப் பிடித்து, இது எந்த மெஷினோட பார்ட்டு என்று கேட்டான்.

சிரிப்பில் ரொசாலின் குழந்தை விழித்துக்கொண்டது. ஒஃபேலியா ஒரு நாற்காலியை இழுத்து அவன் பின்னால் போட்டாள்.

“உக்காரு தம்பி. சுத்தி முடியறவரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. கோமாத்ரே, ஆரம்பத்துலேருந்து சொல்லு.”